சட்டத்துக்கு எண்ணெய்க் குளியல்

மதுரையில் பிறந்தவனுக்குச் சில விஷயங்களில் பிறவி ஞானம் உண்டு என்பது என் கட்சி. ஜிகர்தண்டா, அரசியல், சினிமா, வெயில். இந்த வெயிலை வைத்து நான் ரொம்ப வருஷமாக ஒரு தியரி வைத்திருந்தேன்: 'மதுரையில் இரும்பு துருப்பிடிக்காது!' சித்திரை மாசம் பகல் பன்னிரண்டு மணிக்கு மாசி வீதியில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். மனுஷன் உடம்பிலேயே ஈரம் மிச்சமில்லாத ஊரில் இரும்புக்கு எங்கிருந்து ஈரம் வரும்? துரு என்பதெல்லாம் மண்டபம் தாண்டினால் ஆரம்பிக்கிற கவலை. அதைப் பாம்பன் பாலத்துக்காரர்கள் படட்டும்.

இந்தத் தியரியால் ஒரு கார் கெட்டது. முழுசாக இல்லை, பாதி. மீதிப் பாதி எப்படிப் பிழைத்தது என்று போன ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து ஜோக் அடிப்பதையே கொஞ்சம் குறைத்திருக்கிறேன். (வாசகர்கள் சந்தோஷப்பட வேண்டாம், இது தற்காலிகம்தான்.)

கார் என்றால் ஷோரூமில் வாங்கினது இல்லை. என் மச்சினன், அதாவது வீட்டம்மாவின் தம்பி, கப்பலூர் சிட்கோ பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவன். 2009-ல் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. சொந்தமாக ஒரு கார் கட்ட வேண்டும். 'கட்ட' என்றால் வீடு கட்டுகிற மாதிரி.

வெளிநாட்டில் இதற்கு 'கிட் கார்' என்று பெயர். குலாப்ஜாமூன் மிக்ஸ் மாதிரி சமாசாரம். சட்டம், உடம்பு, நட்டு, போல்ட்டு எல்லாம் பெட்டியில் வரும். இன்ஜினை மட்டும் ஏதாவது அடிபட்ட காரிலிருந்து உருவிப் போட்டுக்கொள்ள வேண்டியது. இங்கிலாந்தில் 1957-ல் லோட்டஸ் கம்பெனி 'செவன்' என்று ஒரு காரை இப்படித்தான் விற்றது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி, உதிரியாக வாங்கினால் வரி கிடையாது. ஆனால் எப்படிப் பூட்டுவது என்று விளக்கப் புத்தகம் கொடுத்தால் அதற்கு வரி உண்டு என்று ஒரு சிக்கல் இருந்ததாம். கம்பெனிக்காரன் என்ன செய்தான் என்கிறீர்கள்? காரை எப்படிக் கழற்றுவது என்று ஒரு புத்தகம் கொடுத்தான்! வாங்கினவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பூட்டிக்கொண்டார்களாம். நம்ம ஊர் ஆடிட்டர்கள் இதைப் படித்துக் கண்ணீர் விடலாம். 1973-ல் அந்தக் கொள்முதல் வரியே போய்விட்டது. கார் மட்டும் போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டு இருந்தால் போதும், பெட்டிகூட வேண்டாம், இரும்புக் குழாய் வாங்கி நீங்களே அந்த மாதிரி கார் கட்டலாம் என்று புத்தகமே போட்டுவிட்டார். மச்சினன் கையில் கிடைத்தது அதன் ஜெராக்ஸ்.

"அத்தான், வெறும் ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்புதான். பதினாறு கேஜ். நம்ம கதவு, ஜன்னலுக்குப் போடறமே, அதே பைப்பு!" என்றான், கண்ணெல்லாம் வெளிச்சமாக.

"ஜன்னல்ல உக்காந்து போறதுக்கு எதுக்கு மாப்ளே இன்ஜின்?" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் எப்போதும் என் ஜோக்குக்குச் சிரிப்பான். எழுதிப் பிழைக்கிறவனுக்கு மச்சினன் அப்படி அமைவது பூர்வஜன்ம புண்ணியம்.

சிம்மக்கல் பக்கம் பைப் வாங்கினோம். காயலான்கடையில் ஒரு மாருதி ஆம்னியின் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே குடும்பமாகக் கிடைத்தன. ஆம்னி பின்சக்கரத்தால் ஓடுகிற வண்டி, அதனால் இந்த வேலைக்குத் தோதானது என்று மச்சினன் விளக்கினான். நான் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டறைக்குப் போய் டீ குடித்துவிட்டு யோசனை சொல்வது என் இலாகா.

2011-ல் சட்டம் முடிந்தது. சேஸிஸ் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதை நான் சட்டம் என்கிறேன். பார்க்க அழகாக இருந்தது. கீழே இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு பைப், மேலே இரண்டு, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக முக்கோணங்கள். ஓணானின் எலும்புக்கூடு மாதிரி. ரெண்டு பேர் தூக்கி விடலாம்.

அப்போதுதான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான்.

"அத்தான், இத கால்வனைஸ் பண்ணிரலாமான்னு பாக்கறேன். ஒன்பதாயிரம் ஆகும்போல."

"எதுக்கு? இதென்ன ராமேஸ்வரத்துக்கா ஓடப் போவுது?"

"வெளிய பெயின்ட் அடிச்சுருவோம் அத்தான். உள்ள? பைப்புக்கு உள்ள யாரு அடிக்கறது?"

நியாயமான கேள்வி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மாமனார் வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஞாபகம் வந்தது. 1961-லிருந்து மெட்ராஸில் செய்த கார் அது. அதற்கும் தனிச் சட்டம், அதன்மேல் உடம்பு. கார் நெடுநாள் மெட்ராஸில் ஓடிவிட்டு மதுரைக்கு வந்தது. ஒருநாள் டயர் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினால் கார் ஏறவில்லை, ஜாக்கி மட்டும் ஏறிற்று. சட்டத்தின் பக்கவாட்டுக் கைகள் உள்ளே அப்பளமாக இருந்திருக்கின்றன. "எல்லாம் மெட்ராஸ் உப்புக்காத்து" என்றார் மாமனார். அந்தத் தீர்ப்பை நான் அப்படியே வாங்கி என் தியரிக்குக் கீழே ஆதாரமாக ஒட்டிக்கொண்டவன். உப்புக்காற்றில்லாத ஊரில் ஒன்பதாயிரம் தண்டம் என்றேன்.

அவனுக்கும் கால்வனைஸில் ஒரு தயக்கம் இருந்தது. சட்டத்தைக் கிட்டத்தட்ட 450 டிகிரியில் உருகிக் கிடக்கிற துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். மூடின பைப்பை அப்படி முக்கினால் உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் ஆவியாகி வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு பைப்புக்கும் ஓட்டை போட வேண்டும். பதினாறு கேஜ் மெல்லிசு, சூட்டில் முறுக்கிக்கொண்டாலும் கொள்ளும். சரி, துத்தநாகம் பூசின ஜி.ஐ. பைப்பையே வாங்கி வெல்டிங் வைத்திருக்கலாமே என்றால், பற்ற வைக்கும் இடத்தில் துத்தநாகம் புகையாகப் போய்விடும். அந்தப் புகை இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம். வெல்டர்கள் அதற்குத்தான் பால் குடிக்கிறோம் என்பார்கள். பாலுக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று மாட்டைத்தான் கேட்க வேண்டும்.

"அப்ப உள்ளுக்குள்ள லின்சீட் ஆயிலாவது விட்டுருவோம் அத்தான். சூடு பண்ணி ஊத்தி, நல்லா பொரட்டி, மிச்சத்த வடிச்சுட்டு, ஓட்டைய ஸ்க்ரூ போட்டு மூடிரணும். அந்தக் கால ஏரோப்ளேன்ல எல்லாம் அப்பிடித்தான் பண்ணுவாங்களாம்."

"சட்டத்துக்கு எண்ணெய்க் குளியலா! சீயக்கா நான் வாங்கிட்டு வரவா?"

பட்டறையே சிரித்தது. அவனும் சிரித்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. ரெட் ஆக்ஸைடு ரெண்டு கோட், மேலே கறுப்புப் பெயின்ட். அந்த ஜோக்கை நான் குறைந்தது பத்துக் கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன்.

அடுத்த தடவை போனபோது பைப்புகளின் ஓரத்தில் அங்கங்கே சின்னச் சின்ன ஸ்க்ரூ தெரிந்தது. "இதென்ன, அலங்காரமா?" என்றேன். "சும்மா அத்தான்" என்றான்.

இந்த இடத்தில் என் சொந்தச் சாதனை ஒன்று வருகிறது. ஒரு வாரம் அவன் மெஷின் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தான். தரைக்குப் போடும் அலுமினியத் தகடு வெட்டித் தயாராகக் கிடந்தது. மாப்பிள்ளை வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று, பட்டறைப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு, கீழ்ப் பைப் நெடுக டிரில்லில் ஓட்டை போட்டு, பாப் ரிவெட் அடித்துத் தகட்டைப் பூட்டிவிட்டேன். எண்பத்துநாலு ரிவெட். எண்ணி வைத்திருக்கிறேன். கோடு பிசகாமல் நூல் பிடித்த மாதிரி.

அவன் திரும்பி வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். குனிந்து ஒரு ரிவெட்டை விரலால் தடவினான்.

"நல்லாருக்கு அத்தான்" என்றான்.

அசந்துதான் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

2014 பொங்கலன்று சோழவந்தான் தோப்பில் கார் ஓடியது. தென்னைக்கு நடுவில் முந்நூறு அடி போய், முந்நூறு அடி திரும்பி வந்தது. கதவு கிடையாது, கூரை கிடையாது, ஒரு ஸீட்டுதான் இருந்தது. மச்சினன் ஓட்ட, அவன் மடியில் அவன் பெண். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இங்கே இன்னொரு சட்டம் குறுக்கே நிற்கும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி செய்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. புதுசாக ஒரு வண்டி செய்தால், 1989 விதிகளில் 126-ன்படி அதற்கென்று உள்ள சோதனை நிலையத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரே ஒரு கார் கட்டின லேத் பட்டறைக்காரன் எங்கே போவான்? "தோப்புக்குள்ள ஓடுனா போதும் அத்தான், வேலை முடியட்டும்" என்றான்.

வேலை முடியவில்லை. 2017-ல் ஒரு காலை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். நாற்பத்தாறு வயசு.

அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. பட்டறையைக் கொடுத்துவிட்டார்கள். கார் சோழவந்தான் தோப்பில் கிடுகு வேய்ந்த கொட்டகைக்குள் போயிற்று.

போன ஐப்பசியில் மச்சினன் பெண் வந்து நின்றாள். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். "மாமா, அப்பா காரை முடிக்கப் போறேன். வாங்க போவோம்" என்றாள். அவள் அம்மாவுக்கு இஷ்டமில்லை. "அதக் காயலான்கடையில போட்டாத்தான் இந்த வீடு உருப்படும்" என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர். கார் மேல் கோபமில்லை, அதைப் பார்க்கிறபோதெல்லாம் வருகிற ஞாபகத்தின் மேல் கோபம். ஓடுகிற நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எடைக்கு என்று ஒப்பந்தம். நடுவர் நான். 'மதுரையில் துரு ஏது' என்கிற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

கொட்டகையைத் திறந்தால், கார் மேல் உர மூட்டை. யூரியா, பொட்டாஷ் எல்லாம் தரையில் வைத்தால் ஈரம் அடிக்கும் என்று தோப்புக்காரர் பத்திரமாகக் கார் மேல் அடுக்கியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அது சக்கரம் வைத்த ஒரு பரண். கார் தரையில் தேங்காய் நார் மெத்தை, ஸீட்டுக்காக மச்சினன் வாங்கினது. அது கிடுகு ஒழுகினதையெல்லாம் குடித்துவிட்டு வண்டலூர் நீர்யானை மாதிரி படுத்திருந்தது.

பெயின்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியல் எடுத்தாள். மேல் பைப்பைத் தட்டினாள். டிங்! நம் மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண் மாதிரி சுத்தமான சத்தம். இன்னும் கொஞ்சம் தள்ளி, டிங். குறுக்குப் பைப், டிங். கீழ்ப் பைப்புக்கு வந்தாள். டொக். நாலு அடிக்கு டொக், டொக், டொக். பானை வாங்குகிறபோது இந்தச் சத்தம் வந்தால் காசு கொடுக்க மாட்டீர்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாள். பெயின்ட் மட்டும்தான் அங்கே பைப்பாக நின்றிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

கீழே படுத்துக்கொண்டு அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டாள். டீ டிகாஷன் கலரில் தண்ணீர் ஒழுகிற்று. அரை டம்ளர் இருக்கும்.

"மாமா, பின் ஆக்ஸில இழுத்துப் பிடிக்கற பிராக்கெட் இந்தப் பைப்புலதான் இருக்கு. ஸீட் பெல்ட்டும் இதுலதான். இன்னிக்கு பேட்டரி போட்டு ஓட்டலாம்னு வந்தேன்" என்றாள் எழுந்து. அவ்வளவுதான் சொன்னாள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தென்னை மரங்களுக்கு நடுவில் அந்தப் பிராக்கெட் பிய்ந்து வந்திருந்தால் என்று நான் யோசித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. உர மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, மதுரை ஜில்லாவுக்கு எப்படிம்மா வந்துச்சு இது?" என்றேன்.

அன்றைக்கு அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இரும்பு துருப்பிடிக்க மழை வேண்டாம், கடல் வேண்டாம். தண்ணீரும் பிராணவாயுவும் வேண்டும், அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் உட்கார்ந்துவிடும். நம் ஊரில் சித்திரைப் பகலில் அது வராதுதான். ஐப்பசி, கார்த்திகை விடியற்காலையில்? ஸ்கூட்டர் ஸீட்டைத் துடைக்காமல் யாராவது உட்காருகிறோமா? அதிலும் சோழவந்தான் கொடிக்கால் பூமி. வெற்றிலைக்கு வாய்க்கால் ஈரமும் நிழலும் எவ்வளவு பிடிக்குமோ, துருவுக்கும் அவ்வளவு பிடிக்கும்.

கூடவே உப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். "கடல் இல்லையே?" என்றேன். அவள் நான் உட்கார்ந்திருந்த மூட்டையைக் காட்டினாள். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்பை அரிப்பதில் ரெண்டிலும் வில்லன் அந்தக் குளோரைடுதான். ஆகக்கூடி, மச்சினன் கார் ராமேஸ்வரம் போகவில்லை, கடல்தான் மூட்டை கட்டிக்கொண்டு சோழவந்தானுக்கு வந்திருக்கிறது.

வேர்வைகூடப் போதுமாம். லேத் பட்டறைகளில் இது தெரிந்த சங்கதி. சில பேர் கை பட்டால் மறுநாள் ஜாப்பில் கைரேகை துருவாக எழுந்து நிற்கும். மச்சினன் பட்டறையில் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனை ஃபினிஷிங் பக்கமே விட மாட்டான்.

பாம்பனைப் பற்றியும் சொன்னாள். காலேஜிலிருந்து காரைக்குடி செக்ரி போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, நேரு 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த இடம். துருவைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்வதற்கென்றே அங்கே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். மண்டபத்தில் இரும்புத் தகடுகளைக் கடற்காற்றில் காயவைத்து, வருஷத்துக்கு எவ்வளவு கரைகிறது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். வடகம் காயப்போட்டுக் காக்காய் எத்தனை தின்றது என்று எண்ணுகிற மாதிரி! 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் தூக்கு நடுப்பகுதியில் துரு தின்று தின்று, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட் என்று எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

"ஆனா மாமா, பாம்பன்ல துரு கண்ணு முன்னாடி வரும். எல்லாரும் பயப்படுவாங்க, சுரண்டுவாங்க, பெயின்ட் அடிப்பாங்க. இங்க உள்ள வந்துருக்கு. அதான் வித்தியாசம்."

அந்த 'உள்ளே' விஷயம்தான் எனக்கு நேரே வந்து விழுந்தது. பைப்பை நன்றாக மூடி வெல்டிங் வைத்துவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஈரமும் பிராணவாயுவும் கொஞ்சம் துருவாகும். அத்தோடு சரி, தீனி தீர்ந்துவிடும். நேர்மாறாக, தண்ணீர் வந்தால் வடிந்து ஓடவும் காற்று போய்வரவும் பெரிய வழியாக விட்டுவிட்டாலும் தப்பிக்கலாம். நடுவாந்திரம்தான் ஆபத்து. குண்டூசி அளவு வழி இருந்தால் பைப் மூச்சுவிட ஆரம்பித்துவிடும். பகல் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். அந்த ஈரம் உள்சுவரில் வேர்க்கும். மறுநாள் திரும்பவும். வந்தது போகாது, புதுசு வந்துகொண்டே இருக்கும்.

"அப்பா வெல்டிங் எல்லாம் சுத்தமா மூடித்தான் வெச்சிருக்காரு. ஒரு ஊசி ஓட்டை இல்ல. ஆனா யாரோ கீழ வரிசையா ரிவெட் அடிச்சிருக்காங்க மாமா. பைப்பைக் குத்தி! மேல நார் மெத்தை தண்ணிய புடிச்சு வெச்சிருக்கு, ஒவ்வொரு ரிவெட்டும் அத உறிஞ்சு உள்ள விட்டிருக்கு. போதாததுக்கு அலுமினியம் வேற. அலுமினியமும் இரும்பும் ஒட்டி நின்னு நடுவுல உப்புத்தண்ணி இருந்தா அது பேட்டரி மாதிரி ஆயிரும். பாருங்க, தகடு வெள்ளையா பொரிஞ்சு போயிருக்கு. எத்தனை ரிவெட்டுன்னு எண்ணலாமா?"

"எண்பத்துநாலு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

எடைக்குப் போடுவதா வேண்டாமா என்பது இனி மேல் பைப்புகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சத்தம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். மறு ஞாயிறு கட்டிங் மெஷினோடு வந்தோம். அவள் அம்மாவும் வந்திருந்தார், தராசுக்காரர் நம்பரோடு. மேல் பைப்பில், சட்டத்துக்கு ரொம்ப முக்கியமில்லாத ஒரு துண்டாகப் பார்த்து அறுத்தாள். புகை வந்தது. இரும்புப் புகை இல்லை. பழைய எண்ணெயில் வடை தீய்கிற வாசனை.

துண்டை வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தாள். என்னிடம் கொடுத்தாள். உட்புறம் நாலு சுவரிலும் தேன் கலரில், வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் அடியில் இரும்பு வெள்ளி மாதிரி மின்னிற்று. 2011-ல் எப்படி இருந்ததோ அப்படி.

"லின்சீட் ஆயில்" என்றாள். "காஞ்சு கெட்டியாயிருக்கு. அந்த ஸ்க்ரூ எல்லாம் இதுக்குத்தான். அப்பா ஊத்திருக்காரு."

நான் ஜோக் அடித்த பிறகு ஊற்றியிருக்கிறான். பட்டறைப் பையன்கள் போன பிறகு, ராத்திரியில், தனியாக, ஒவ்வொரு பைப்புக்கும். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் ஜோக் கெட்டுப்போயிருக்கும். நானும் பத்துக் கல்யாண வீட்டில் அதைச் சொல்லியிருக்க முடியாது. சில கல்யாணங்களில் அவன் பக்கத்திலேயே நின்று சிரித்திருக்கிறான்.

அப்புறம் நான் அடித்த எண்பத்துநாலு ரிவெட்டைப் பார்த்து 'நல்லாருக்கு அத்தான்' என்றும் சொல்லியிருக்கிறான்.

அவள் அம்மா துண்டை வாங்கி உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு முந்தானையால் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். தராசுக்காரருக்குப் போன் போகவில்லை.

இப்போது வேலை நடக்கிறது. கீழ்ப் பைப் ரெண்டையும், அதில் நின்ற குறுக்குப் பைப்புகளையும் அறுத்து எடுத்துவிட்டு, புதுசு பற்ற வைத்திருக்கிறாள். மேலே அறுத்த துண்டுக்கும் புதுத் துண்டு. பிராக்கெட், பெல்ட் எல்லாம் புதுப் பைப்பில். தரைத் தகட்டுக்கு இந்தத் தடவை பைப்பில் ஓட்டையே கிடையாது. சின்னச் சின்ன இரும்புப் பட்டை பற்ற வைத்து, அதில் போல்ட்டு, நடுவில் ரப்பர். வெல்டிங் கசடு ஒரு துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டிவிட்டுத்தான் ரெட் ஆக்ஸைடு, ஏனென்றால் கசட்டுக்கு மேல் அடித்த பெயின்ட் சீக்கிரம் தூக்கிக்கொண்டு வரும், அதற்கடியில் துரு குடித்தனம் வந்துவிடும் என்கிறாள். நார் மெத்தை தோப்புக்காரருக்குப் போயிற்று. உர மூட்டைக்கு அவரே ஒரு பரண் கட்டிக்கொண்டார்.

நேற்று எண்ணெய் ஊற்றுகிற நாள். அடுப்பில் காய்ச்சி, புனல் வைத்து, ஸ்க்ரூ ஓட்டை வழியாக ஊற்றினாள். பிறகு சட்டத்தைத் தலைகீழாக, குறுக்காக, நெடுக்காக என்று புரட்ட வேண்டும், எண்ணெய் மூலை முடுக்கெல்லாம் போக. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எனக்கு இந்த வேலைதான் கொடுத்திருக்கிறாள். டிரில் மெஷினைப் பூட்டிச் சாவியை அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சீயக்கா வாங்கிட்டு வரட்டுமான்னு அன்னிக்கு ஒங்கப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள், பைப்பில் காதை வைத்துக்கொண்டு. "எண்ணெ ஓடுற சத்தம் கேக்கணும்."